உப்பில் உட்கார்ந்த அன்னபூரணி

1

மாசி மாசத்தில் எங்கள் ஊர் உப்பளத்தில் முதல் உப்பு வாருகிற நாள் ஒன்று வரும். அந்த நாளில் இங்கே டென்மார்க்கில் என் வீட்டுச் சாமிக்கு உப்பு மாற்றுவேன். மரக்காணத்தில் என் தங்கச்சி வள்ளி வரப்பில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிடுவாள். அவள் பக்கம் கண்ணைத் திறக்க முடியாத வெயில். என் பக்கம் காலையிலும் எரிகிற சமையலறை லைட். அவள் அங்கே கற்பூரம் காட்டும்போது நான் இங்கே அன்னபூரணியைத் தூக்கி, கிண்ணத்தில் இருக்கிற பழைய உப்பைக் கொட்டி, புது உப்பை நிரப்பி மறுபடி உட்கார வைப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐந்து நிமிஷ வேலை.

இந்த வருஷமும் தூக்கினேன். அம்மன் வந்தாள். கரண்டி பிடித்திருந்த வலது கை வரவில்லை. அது உப்புக்குள்ளேயே தங்கிவிட்டது.

"அய்யய்யோ" என்று கத்திவிட்டேன்.

"என்னாக்கா, கற்பூரம் சுட்டுடுச்சா?" என்றாள் வள்ளி.

"கை உடைஞ்சிடுச்சுடி."

"யார் கை?"

"அன்னபூரணி கை."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, "அப்புறமா பேசறேங்கா" என்று வைத்துவிட்டாள். உப்பு வாருகிற நேரத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள். வெயில் இன்னும் ஏறினால் பாத்தியில் கால் வைக்க முடியாது.

பித்தளைச் சிலைதான், ஒரு சாண் உயரம்கூட இருக்காது. மடியில் கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மடி வரைக்கும் உப்பைக் குவித்து வைப்பது எங்கள் வழக்கம். அந்த உப்புக்குள் இருந்த மணிக்கட்டு பச்சை பூத்து, நூலாக இளைத்து, கடைசியில் அறுந்துபோயிருக்கிறது.

மேஜையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த என் மகள் பூரணி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இருபது வயது, வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள், வார லீவுக்கு வீட்டுக்கு வருவாள். அந்தக் குட்டிக் கையை உப்பிலிருந்து எடுத்தாள். குழாயில் கழுவி, துடைத்து, அம்மன் பக்கத்தில் வைத்தாள். எல்லாம் இடது கையால். அவளுக்கு வலது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது, பிறவியிலேயே. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் வேண்டுமென்றே மறைத்து வைத்துக் கதை கட்டுகிற மாதிரி இருக்கும்.

2

எல்லார் வீட்டிலும் அன்னபூரணி அரிசியில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் வீட்டில் மட்டும் உப்பு. அம்மாவிடம் ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். "அரிசி கடையில வாங்கறதுடி. உப்புதான் நம்ம கையால வர்றது. நம்மகிட்ட இருக்கிறதுலதானே உக்கார வெக்க முடியும்" என்றாள். கல்யாணமாகி நான் கிளம்பியபோது அந்தச் சிலையையும் ஒரு பை கல் உப்பையும் கட்டிக் கொடுத்தாள். இப்போது அம்மா இல்லை. உப்பு மட்டும் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் வள்ளியிடமிருந்து வருகிறது. விமான நிலையத்தில் அதிகாரி அந்தப் பொட்டலத்தைப் பிரித்து என்னை மேலும் கீழும் பார்ப்பார். "உப்பு" என்பேன். "உங்களுக்கு இங்கே உப்பு கிடைப்பதில்லையா?" என்பார். பொட்டலத்தை மறுபடி கட்டி எடுத்துக்கொண்டு வருவேன்.

எனக்கு ஊர் ஏக்கமெல்லாம் பெரிதாகக் கிடையாது. உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு ஏக்கம் வராது, கால் வெடிப்புதான் வரும். உப்பங்கழித் தண்ணீரைப் பாத்தியில் விட்டால் வெயிலும் காற்றும் அதைக் காய்ச்சிக் கொடுத்துவிடும். வாரினால் கொஞ்ச நாளில் மறுபடி கட்டும். மறுபடி வாரலாம். எவ்வளவு வாரினாலும் கடல் குறைந்ததில்லை, வெயில் குறைந்ததில்லை. எங்கப்பாவின் முதுகுதான் குறைந்தது.

என் வீட்டுக்காரர் ஏழுமலைக்கு இதெல்லாம் வேறு மாதிரி தெரியும். அவர் உள்நாட்டுக்காரர், திண்டிவனம் பக்கத்து நெல் வயல் குடும்பம். இங்கே கடலுக்குள் நிற்கிற பெரிய காற்றாடிகளில் ஏறி இறங்கிப் பழுது பார்க்கிற வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார். "செல்வி, இன்னைக்கு வகுப்புல சொன்னான், காத்து தீரவே தீராதாம். நாம சக்தின்னு சொல்றதத்தான் இவன் கரண்ட்டுன்னு சொல்றான், அவ்ளோதான்" என்றார். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் காரில் பிரவசனம் ஓடும். பராசக்தி கடலாகவும் காற்றாகவும் இருக்கிறாள், எடுக்க எடுக்கக் குறைய மாட்டாள் என்று யாராவது பேசிக்கொண்டே வருவார்கள். நானும் கூடப் போகிற நாளில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

காற்று தீராது, சரி. ஆனால் காற்றாடி தீரும். உப்புக் காற்று இரும்பை அரிக்கும். அரித்திருக்கிறதா என்று கயிற்றில் தொங்கிக்கொண்டு பார்ப்பதுதான் இந்த மனுஷனுக்கு வேலையே. "ஊரு காத்தாடிக்கெல்லாம் துரு பாக்கிறீங்க, வீட்டு சாமிய ஒரு நாள் பாத்தீங்களா?" என்று கை உடைந்த பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"அதுக்கு அவன் சம்பளம் தர்றான்" என்றார்.

மரக்காணத்து வெயிலில் உப்பு கல்லாகக் காய்ந்து கிடக்கும். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அன்னபூரணியைப் புளி போட்டு விளக்குவாள். இங்கே வருஷம் பூராவும் ஈரம். உப்பு கசிந்து கசிந்து பித்தளையைத் தின்றிருக்கிறது. அரிசியில் உட்கார வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. உப்புக்காரப் புத்தி, வேறென்ன.

உப்பில் எங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. உப்பைக் கையில் கொடுக்க மாட்டோம், கையில் வாங்கவும் மாட்டோம். சண்டை வரும். யாராவது உப்பு கேட்டால் மேஜையில் வைக்க வேண்டும், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பூரணிக்கு ஏழு வயதில் இதைச் சொல்லிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீயும் அப்பாவும் தெனம் கையிலதான் குடுத்துக்கிறீங்களா?" என்றாள்.

3

அவள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். முதலில் முகத்தைக் காட்டினாள். பிறகு இடது கையைப் பிரித்துக் காட்டினாள். அதற்கு மேல் பிரிக்காமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். இவர் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு துணியை முழுசாகப் பிரித்து, அந்த மொட்டைக் கையைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பூரணின்னு பேர் வெக்கலாம்" என்றார்.

காரில் கேட்ட பிரவசனத்தில் யாரோ சொன்னதாம். முழுசாக இருக்கிற ஒன்றிலிருந்து எதை எடுத்தாலும் அது முழுசாகவே இருக்குமாம், கடவுள் என்றால் அதுதானாம். ஊரிலிருந்து அம்மா போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பேரு குத்திக் காட்டற மாதிரி இருக்காதாங்க மாப்ள?" அதற்கு இவர், "குறையெல்லாம் பாக்கிறவங்க கண்ணுலதான் அத்தை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இந்த மனுஷனின் எத்தனையோ தொல்லைகளை நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் அவளுக்குப் பெரிய கஷ்டம் எதுவும் வந்ததில்லை. நகராட்சியிலிருந்து அவ்வப்போது ஒரு கடிதம் வரும். உங்கள் மகளின் நிலைமையில் மாற்றம் ஏதேனும் உண்டா என்று கேட்டிருப்பார்கள். "இன்னும் மொளைக்கலன்னு எழுதிப் போடும்மா" என்று பூரணியே சொல்வாள். ஒரு செயற்கைக் கையும் கொடுத்தார்கள். அது அலமாரிக்குள் இருக்கிறது. அதில் ஸ்கார்ஃப் தொங்கும்.

ஊருக்குப் போனால்தான் கஷ்டம். எழுதுவது, சாப்பிடுவது, கொடுப்பது எல்லாமே அவளுக்கு இடது கைதான். நம்மூரில் அது பீச்சாங்கை. ஒரு கல்யாணத்தில் வாசலில் நின்று வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினாள். வந்த ஓர் அம்மாள் சிரித்தபடியே நின்றார், எடுக்கவில்லை. நான் வந்து தட்டை வாங்கி நீட்டிய பிறகு எடுத்துக்கொண்டு போனார். பூரணிக்கு அப்போது பத்து வயது. "ஏம்மா?" என்று கேட்டாள். நான் என்னவோ சொல்லி மழுப்பினேன்.

எங்கள் வீட்டில் அதெல்லாம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் சாமிக்குப் படைப்பதை மட்டும் எப்போதும் நான்தான் போடுவேன். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. அவளும் கேட்டதில்லை.

4

கை உடைந்த அன்று மத்தியானம் இவர் வேலையிலிருந்து வந்தார். சாமியைப் பார்த்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஊரில் இருக்கிற தன் அண்ணனுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"பின்னமாயிடுச்சுன்னா ஊட்ல வெக்கக் கூடாதுடா" என்றார் அண்ணன். "உருக்கி வேற செய்யணும். இல்லன்னா கடல்ல வுட்டுடு. உள்ள இருந்த சக்தி போயிருக்கும்."

"சரிண்ணா."

இங்கே உருக்குவதற்கு ஆசாரிக்கு எங்கே போவது? கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. இவர் ஒரு மஞ்சள் துணியை எடுத்து வந்து அம்மனையும் உடைந்த கையையும் சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தார். பூரணி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்ப்பா கடல்ல போடணும்?"

"குறை வந்துட்டா கும்பிடக் கூடாதும்மா."

"நேத்து வரைக்கும் கும்பிட்டீங்க."

"நேத்து முழுசா இருந்துச்சு."

"கை போனா எல்லாமே போயிடுமா?"

"சக்தி போயிடும்மா. அப்புறம் அது வெறும் பித்தளை."

முடிச்சுப் போடுகிற மும்முரத்தில் அவர் தலை நிமிரவில்லை. நான் நிமிர்ந்துதான் இருந்தேன். பூரணி தன் வலது கைச் சட்டையை இழுத்துக் கீழே விட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அந்த வீட்டுக்குள் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு எப்பப்பா போச்சு?" என்றாள்.

அவர் முடிச்சோடு நின்றுவிட்டார். "ஏய், நான் உன்னையாம்மா சொன்னேன்? சாமி வேற, நீ வேற."

"ஆமா. சாமிக்குக் கை இருக்கணும்."

அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் டேனிஷ். கோபம் வந்தால் அந்தப் பாஷைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போக வேண்டியவள், அன்றைக்கே ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். இவர் ஸ்டேஷனில் விடுகிறேன் என்று சாவியை எடுத்தார். அவள் நடந்து போனாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேர் வைத்ததும் இந்த வாய், பித்தளை என்று சொன்னதும் இந்த வாய். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், முகம் கொடுத்துப் பேசவில்லை.

5

அடுத்த வாரம் பூரணி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எனக்கு மட்டும் மெசேஜ் போடுவாள். பரீட்சை என்பாள், ப்ராஜெக்ட் என்பாள். பிறகு ஒரு நாள் எழுதினாள்: கோடை லீவுக்கு இங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டேன், வீட்டுக்கு வரமாட்டேன். என் ரூமை வாடகைக்கு விடுவதென்றால் விட்டுக்கொள்ளுங்கள்.

அதை இவரிடம் படித்துக் காட்டினேன். எழுந்து போய் அவள் அறையின் ஹீட்டரைப் போட்டுவிட்டு வந்தார்.

இங்கே பிள்ளைகள் விலகிப் போவது சத்தமில்லாமல் நடக்கும். கதவை அடித்துச் சாத்துவது, கண்ணைக் கசக்குவது எதுவும் இருக்காது. முதலில் ஞாயிற்றுக்கிழமை போகும், பிறகு பண்டிகை போகும், பிறகு தமிழ் போகும். தெரிந்த குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு வராது என்றிருந்தேன்.

மஞ்சள் மூட்டை அதுவரைக்கும் ஷெல்ஃபிலேயே கிடந்தது. இவருக்கு அனுமதியில்லாமல் கடலில் எதையும் போட மனசு வராது. இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தால் கடலில் கால் நனைக்கவும் யாரையாவது கேட்கத் தோன்றும். ஒரு நாள் நகராட்சிக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

எடுத்தவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். என்ன பொருள், எவ்வளவு எடை? பித்தளை என்றதும், பழைய உலோகத்தை மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோகலாம், அங்கே அதற்குத் தனித் தொட்டி இருக்கிறது என்றார். "இது கடவுள்" என்றார் இவர். ஓ, அஸ்தியா, அஸ்தி கரைக்க வேறு படிவம் என்றார் அவர். அஸ்தியில்லை, கடவுள்தான் என்று இவர் மறுபடி சொன்னார்.

"புரிகிறது. அதை ஏன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது? நச்சுப் பொருள் ஏதாவது கலந்திருக்கிறதா?"

இவருக்குத் தெரிந்தது காற்றாடி டேனிஷ். போல்ட், எண்ணெய், உயரம், எச்சரிக்கை. பின்னம், தோஷம் என்பதற்கெல்லாம் அதில் சொல் கிடையாது. இரண்டு மூன்று தடவை ஆரம்பித்து ஆரம்பித்து நிறுத்தினார். கடைசியில் தெரிந்த சின்னச் சொற்களை வைத்து இப்படிச் சொன்னார்:

"அவளுக்கு ஒரு கை இல்லை. அதனால் அவள் எங்கள் வீட்டில் இருக்க முடியாது."

கத்தியை நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் "ஹலோ, இருக்கிறீர்களா?" என்று கேட்டது. இவர் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

தமிழில் இதைச் சொல்ல எங்களுக்குப் பின்னம் என்று ஒரு கௌரவமான சொல் இருந்தது. பெரியவர்கள் சொன்ன சொல். அதைப் போர்த்திக்கொண்டு எதையும் சொல்லிவிடலாம், சொல்கிறவன் காதில் விழாது. டேனிஷில் எங்களிடம் இருப்பது குழந்தைப் பேச்சு. அதில் எதையும் மூட முடியாது.

"செல்வி, நான் இப்ப என்னா சொன்னேன்?" என்று கேட்டார்.

"கேட்டுச்சு" என்றேன்.

வெங்காயம் நறுக்கியது நான். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவர்.

6

மறுநாள் காலையில் அவரே வள்ளிக்கு வீடியோ போட்டார். கொழுந்தியாள்மேல் பாசம் உண்டு, ஆனால் தானாகக் கூப்பிட்டுப் பேசுகிற ஆள் இல்லை. வள்ளி பயந்துபோய், "அக்காவுக்கு என்னாச்சு மாமா?" என்றாள்.

"அக்கா நல்லாத்தான் இருக்குது. வரப்புல அம்மன் வெப்பீங்களே, அதைக் காட்டு."

முதல் உப்பை வாரியதும் வரப்பில் ஒரு குவியல் போடுவார்கள். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, உச்சியில் வேப்பங்கொத்து செருகினால் அதுதான் எங்கள் அம்மன். வேலைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கை உப்பை அதில் போடுவார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு கை எடுத்துக்கொண்டு போவார்கள். மழைக் காலம் வரைக்கும் அப்படியே இருப்பாள். மழை வந்தால் கரைந்து கழிக்குப் போய்விடுவாள். தை, மாசியில் மறுபடி வருவாள். இவர் வருஷா வருஷம் என் தோளுக்கு மேலே எட்டி அதைப் பார்த்திருக்கிறார். கவனித்துப் பார்த்ததில்லை.

வள்ளி போனைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைக் குவியல், காய்ந்த வேப்பிலை.

"வள்ளி, இந்த அம்மனுக்குக் கை எங்க?"

"மாமா, அங்க விடிஞ்சதும் விடியாததுமா ஊத்திக்கினீங்களா?"

"ஒழுங்கா பதில் சொல்லு."

"உப்புக் குமிக்கு ஏது மாமா கை? வெச்சா நிக்குமா, சரிஞ்சுக்கினு வந்துடும்."

"மொகம்?"

"மஞ்சளும் குங்குமமுந்தான் மொகம். மழை வந்தா அதுவும் போயிடும்."

"அப்ப அது பின்னமில்லையா?"

வள்ளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தெனம் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கினு போறோம், தெனம் ஆளுக்கு ஒரு கை கொட்டுறோம். இதுல எங்க பின்னத்தைப் பாக்கறது? என்னா மாமா, அக்கா ஏதாச்சும் திட்டுச்சா? லாரி வந்துடுச்சு, நான் வெக்கிறேன்."

போன் அணைந்த பிறகும் இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசில் என்ன ஓடியது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பிரவசனம் ஆரம்பமாகிவிடும். ஆனால் எனக்கும் ஒன்று தோன்றியது. எல்லாம் ஒட்டிக்கொண்டு இருந்தால்தான் முழுசு என்று நாங்கள் ஒரு பித்தளைக்குக் காவல் இருந்திருக்கிறோம். எங்கள் ஊர் அம்மனோ வருஷா வருஷம் ஒன்றுமே இல்லாமல் கரைந்துபோகிறாள், ஒரு வருஷம்கூட யாரும் அவளைக் குறைந்துவிட்டாள் என்று சொன்னதில்லை. நான் அங்கே பிறந்து வளர்ந்தவள். எனக்கே இது இப்போதுதான் உறைத்தது.

அவர் மஞ்சள் துணியைப் பிரித்தார். பாட்டிலில் இருந்த புளியை எடுத்து, காற்றாடி தேய்க்கிற பிரஷ்ஷால் அன்னபூரணியை விளக்கினார். அப்படி ஒரு பளபளப்பை அம்மா காலத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"அரிசி எடு செல்வி. உப்பு வேணாம், அரிக்கும்" என்றார். பிறகு, "சனிக்கிழமை பூரணிய பாக்கப் போவலாம்" என்றார்.

"வரச் சொன்னாளா?"

"அவ எதுக்குச் சொல்லணும்?"

நான் பையில் வள்ளி கொடுத்த உப்புப் பொட்டலத்தையும் போட்டுக்கொண்டேன். புது உப்பு, மாற்றுவதற்காக எடுத்து வைத்தது, பிரிக்காமலே கிடந்தது.

7

மாணவர்கள் தங்குகிற கட்டிடம். ஒரு மாடிக்கு ஒரே சமையலறை. பூரணி அங்கே நின்று பருப்பும் அரிசியும் ஒன்றாகப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அடுப்பைக் குறைத்தாள். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

இவர் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு அன்னபூரணியை எடுத்து மேஜையில் வைத்தார். வழியெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். ஒரு கிண்ணத்தை எடுத்து, கொண்டுவந்த அரிசியைக் கொட்டி, அதில் உட்கார வைத்தார். உடைந்த கையைப் பக்கத்தில் வைத்தார்.

"கடல்ல போடலையா?" என்றாள் பூரணி.

"அனுமதி கெடைக்கலம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"உங்கிட்ட காட்டத்தான் கொண்டாந்தேன்" என்றார். "சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுவேன். இனிமே அவ வீட்லதான் இருப்பா."

பூரணி திரும்பி அடுப்பைக் கிண்டினாள். தேவைக்கு மேலேயே கிண்டினாள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே, முழங்கால் மேல் கையை ஊன்றிக்கொண்டு.

"சாமிக்குப் படைக்கணும். நீ போடு."

"அம்மாதானே போடுவாங்க?"

"நீ போடும்மா."

"பீச்சாங்கைப்பா."

"எனக்குப் பசிக்குதும்மா" என்றார்.

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு ஒரு சின்னத் தட்டில் இரண்டு கரண்டி போட்டு அன்னபூரணி முன்னால் வைத்தாள். இவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். யாரோ ஒரு பையன் பால் எடுக்க உள்ளே வந்தான், எங்களைப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். பிறகு அவள் அப்பாவுக்குப் போட்டாள், எனக்குப் போட்டாள்.

இவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். உப்பே இல்லை. வீட்டில் உப்பு ஒரு கல் குறைந்தால் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று தட்டைத் தள்ளுகிற மனுஷன், சத்தம் காட்டாமல் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டார். பூரணியும் ஒரு வாய் வைத்தாள். முகம் மாறியது.

"உப்பு போட மறந்துட்டேன். ஏன்ப்பா சொல்லல?"

"நல்லாத்தான் இருக்குது."

"பொய்."

நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவள் பக்கம் வைத்தேன். பிரித்து, இடது கையில் கொஞ்சம் கல் உப்பை எடுத்தாள். மேஜையில் வைக்கப் போனாள். அதற்குள் இவர் உள்ளங்கையை நீட்டிவிட்டார்.

அவள் கை நின்றது. "கையில குடுத்தா சண்டை வரும்ப்பா."

"வரட்டும்" என்றார் இவர். "சண்டை போடவாச்சும் வீட்டுக்கு வருவ இல்ல?"

அவள் உப்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வந்த அரை மணி நேரத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் நல்ல சண்டை, தமிழிலேயே. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.